வெட்டும் நொதியத்தை நிறுத்தப் போய்: அல்சைமர் ஆய்வு கற்ற கசப்பான பாடம்

2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி, அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. அல்சைமர் நோயாளர்களுக்கெனத் தாம் உருவாக்கி வந்த செமகசெஸ்டற் என்ற மாத்திரையின் பரிசோதனைகளை நிறுத்துவதாக அதில் கூறப்பட்டிருந்தது. இறுதிக்கட்டத்திலிருந்த அந்த இரண்டு பரிசோதனைகளிலும் 2,600க்கும் மேற்பட்ட நோயாளர்கள் சேர்க்கப்பட்டிருந்தனர். ஒரு மருந்து பலனளிக்காமல் போவது இந்தத் துறையில் புதிதல்ல. ஆனால் இம்முறை நடந்தது அதைவிட மோசமானது. மாத்திரையை உட்கொண்டவர்களின் சிந்திக்கும் ஆற்றலும், அன்றாட வேலைகளைத் தாமே செய்யும் திறனும் போலி மாத்திரை உட்கொண்டவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. தோல் புற்றுநோயும் அவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டது.

அந்த மாத்திரை தவறான இடத்தைத் தாக்கியது என்று சொல்லிவிட முடியாது. எந்த நொதியத்தைத் தடுப்பதற்காக அது தயாரிக்கப்பட்டதோ, அந்த நொதியத்தைத்தான் அது தடுத்தது. அந்த நொதியத்தின் பெயர் காமா செக்ரிற்றேஸ். அல்சைமர் நோயாளரின் மூளையில் படியும் அமிலோயிட் என்ற புரதத் துண்டை வெட்டி உருவாக்குவது அதுதான். அப்படியானால் அதை நிறுத்தியதும் நோயாளர்கள் ஏன் மேலும் மோசமானார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் அந்த நொதியத்தின் அமைப்பில் இருக்கிறது. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, என்னென்னவற்றை வெட்டுகிறது, எப்படி வெட்டுகிறது என்பதை விளங்கிக்கொண்டால், "நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, இனி மருந்து வந்துவிடும்" என்று அடிக்கடி வரும் செய்திகளையும் நாம் கொஞ்சம் நிதானமாக வாசிக்கலாம்.

எண்ணெய்க்குள் ஒரு கத்தி

புரதங்களை வெட்டும் நொதியங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. முற்றிய ஆட்டிறைச்சியை மெதுவாக்கப் பப்பாசிக்காயை அரைத்துப் பூசி வைப்பார்கள். பப்பாசிப் பாலில் இருக்கும் பப்பாயின் என்ற நொதியம் இறைச்சியின் புரதத்தை வெட்டுவதால்தான் அது மென்மையாகிறது. நமது இரைப்பையில் சுரக்கும் பெப்சினும் இதே வேலையைத்தான் செய்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலி. இரண்டு அமினோ அமிலங்களுக்கு இடையிலுள்ள பிணைப்பில் ஒரு நீர் மூலக்கூற்றைச் சேர்த்து அதைப் பிளப்பதே இந்த நொதியங்களின் தொழில். ஆக, வெட்டுவதற்கு நீர் அவசியம்.

இங்கேதான் காமா செக்ரிற்றேஸ் வேறுபடுகிறது. பெப்சின் இரைப்பைச் சாற்றில் மிதந்தபடி வெட்டுகிறது. காமா செக்ரிற்றேஸ் இருப்பதோ கலமென்சவ்வுக்குள். நமது உடலின் ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்திருக்கும் இந்தச் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக அமைந்தது. அதன் நடுப்பகுதி எண்ணெய் போன்றது, நீரை அண்டவிடாது. பல புரதங்கள் இந்தச் சவ்வை ஊடறுத்து நிற்கின்றன. வெளியே ஒரு தலை, உள்ளே ஒரு வால், இடையில் சவ்வுக்குள் புதைந்த ஒரு சுருள் என்பது அவற்றின் பொதுவான அமைப்பு. காமா செக்ரிற்றேஸ் வெட்டுவது இந்தப் புதைந்த பகுதியை.

எண்ணெய்க்குள் நீரைக் கொண்டு எப்படி வெட்டுவது? 1990களின் பிற்பகுதி வரை, சவ்வுக்குள் இப்படியொரு வெட்டு நடக்க முடியும் என்பதையே பல உயிர்இரசாயனவியலாளர்கள் நம்பத் தயங்கினார்கள். வெட்டுப்பட்ட துண்டுகள் கண்ணெதிரே இருந்தன. அவற்றை வெட்டிய கத்தி எது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

நான்கு பேர் சேர்ந்த ஒரு கூட்டணி

தடயம் நோயாளர் குடும்பங்களிலிருந்து வந்தது. சில குடும்பங்களில் அல்சைமர் நோய் தலைமுறை தலைமுறையாக, அதுவும் நாற்பது ஐம்பது வயதிலேயே வருகிறது. 1995ஆம் ஆண்டு, கனடாவின் ரொறன்ரோவில் பீற்றர் சென்ட் ஜோர்ஜ் ஹிஸ்லொப் தலைமையிலான ஆய்வாளர்கள் அத்தகைய குடும்பங்களின் 14ஆவது நிறமூர்த்தத்தில் விகாரமடைந்த ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தனர். அது உருவாக்கும் புரதத்திற்குப் பிரெசெனிலின் 1 என்று பெயர். அதே ஆண்டிலேயே 1ஆவது நிறமூர்த்தத்தில் அதன் சகோதரப் புரதமான பிரெசெனிலின் 2 அறியப்பட்டது.

1999இல் அமெரிக்காவில் மைக்கல் வூல்ஃப், டென்னிஸ் செல்கோ ஆகியோரின் குழு முக்கியமான ஒன்றைக் காட்டியது. பிரெசெனிலின் 1 என்பது 467 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதில் 257ஆவது இடத்திலும் 385ஆவது இடத்திலும் அஸ்பாட்டிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சவ்வுக்குள் புதைந்த பகுதிகளில், அருகருகே வரும் சுருள்களில் உள்ளவை. இரண்டில் எதை மாற்றினாலும் வெட்டு நின்றுவிடுகிறது. பெப்சினும் இரண்டு அஸ்பாட்டிக் அமிலங்களைக் கொண்டுதான் வெட்டுகிறது. எனவே தேடிய கத்தியின் அலகு பிரெசெனிலின்தான் என்பது தெளிவாயிற்று.

ஆனால் பிரெசெனிலின் தனியாக எதையும் வெட்டுவதில்லை. அதற்கு மூன்று துணைகள் தேவை. முதலாவது நிகாஸ்ட்ரின், 709 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். 2000ஆம் ஆண்டு அதைக் கண்டுபிடித்தவர்கள், மரபுவழி அல்சைமர் நோய் கொண்ட ஒரு குடும்பத்தின் பூர்வீகமான இத்தாலியக் கிராமம் நிகாஸ்ட்ரோவின் பெயரை அதற்கு இட்டார்கள். மற்றைய இரண்டும் ஏபிஎச்-1, பென்-2 எனப்படுபவை. பென்-2 வெறும் 101 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம்.

இந்த நான்கும் போதுமா, இன்னும் எதுவும் தேவையா என்ற கேள்விக்கு 2003இல் மதுவம் பதில் சொன்னது. பாணுக்கு மாவைப் புளிக்க வைக்கும் அதே மதுவத்தின் கலங்களில் காமா செக்ரிற்றேஸ் இயற்கையாக இல்லை. அவற்றுக்குள் நான்கு புரதங்களின் மரபணுக்களையும் சேர்த்துச் செலுத்தியபோது வெட்டு நடந்தது.

நால்வருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு. பிரெசெனிலின் வெட்டுகிறது. ஏபிஎச்-1 சட்டகம் போல மற்றவற்றைத் தாங்குகிறது. பென்-2 வந்து சேரும்போதுதான் பிரெசெனிலின் தன்னைத்தானே ஓரிடத்தில் வெட்டிக்கொண்டு, இரண்டு துண்டுகளாக, வேலைக்குத் தயாராகிறது. நிகாஸ்ட்ரினின் பெரிய தலை சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வாசற்காவலர் போல நிற்கிறது. வெளிப்பகுதி நீளமாக உள்ள புரதங்களை அது உள்ளே விடுவதில்லை. வேறொரு நொதியம் ஏற்கனவே வெளிப்பகுதியை வெட்டிக் குட்டையாக்கிய புரதங்கள் மாத்திரமே உள்ளே போகலாம்.

மூன்று மூன்றாக நறுக்குதல்

இனி அமிலோயிட்டின் கதைக்கு வருவோம். நரம்புக் கலங்களின் சவ்வில் அமிலோயிட் முன்னோடிப் புரதம் என்ற ஒன்று இருக்கிறது. முதலில் பீற்றா செக்ரிற்றேஸ் என்ற இன்னொரு நொதியம் அதன் வெளிப்பகுதியை வெட்டிவிடுகிறது. சவ்வில் எஞ்சுவது 99 அமினோ அமிலங்கள் நீளமான ஒரு துண்டு. காமா செக்ரிற்றேஸ் இதைப் பிடித்து, கலத்தின் உட்பக்கத்தை அண்டிய இடத்தில் முதலில் ஒருமுறை வெட்டுகிறது. அப்போது 49 அல்லது 48 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு மிஞ்சுகிறது.

அதோடு வேலை முடிவதில்லை. பிடியை விடாமல், அந்தத் துண்டின் நுனியிலிருந்து பெரும்பாலும் மூன்று மூன்று அமினோ அமிலங்களாக நறுக்கிக்கொண்டே போகிறது. ஒரு வரிசையில் 49, 46, 43, 40 என்று குறையும். இன்னொரு வரிசையில் 48, 45, 42 என்றும், சில வேளைகளில் 38 வரையும் குறையும். எங்கே பிடி விடுபடுகிறதோ, அங்கே அந்தத் துண்டு சவ்வைவிட்டு வெளியேறுகிறது. அப்படி வெளியேறுவதுதான் பீற்றா அமிலோயிட்.

சுகதேகியின் மூளையிலும் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. வெளியேறுபவற்றில் பெரும்பான்மை 40 நீளமானவை, அவை அவ்வளவு ஆபத்தில்லாதவை. 42 நீளமானவை குறைவாகவே உருவாகின்றன. ஆனால் கூடுதலாக இருக்கும் அந்த இரண்டு அமினோ அமிலங்களும் நீரை வெறுப்பவை. ஆகவே 42 நீளத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளுகின்றன. அல்சைமர் நோயாளரின் மூளையில் காணப்படும் படிவுகளின் மையத்தில் இருப்பவை பெரும்பாலும் இவையே.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நொதியம் எவ்வளவு வெட்டுகிறது என்பதைவிட, வெட்டத் தொடங்கியதை எவ்வளவு தூரம் முடிக்கிறது என்பதுதான் இங்கே தீர்மானகரமானது. பாதியில் விட்டால் நீளமான, ஒட்டும் துண்டுகள். நன்றாக முடித்தால் குட்டையான, தீங்கு குறைந்த துண்டுகள்.

அது வேறு எவற்றையெல்லாம் வெட்டுகிறது?

செமகசெஸ்டற் இந்த நொதியத்தின் வேலையை ஒட்டுமொத்தமாகக் குறைக்கும் மருந்து. ஆனால் காமா செக்ரிற்றேஸ் வெட்டும் புரதங்களின் பட்டியலில் அமிலோயிட் முன்னோடிப் புரதம் ஒன்று மாத்திரம் இல்லை. இன்று அந்தப் பட்டியல் நூறைத் தாண்டிவிட்டது.

அவற்றுள் மிக முக்கியமானது நொச் என்ற புரதம். பக்கத்துக் கலத்திலிருந்து சமிக்ஞை வந்ததும் காமா செக்ரிற்றேஸ் நொச்சின் உட்பகுதியை வெட்டி விடுவிக்கிறது. விடுபட்ட துண்டு கலத்தின் கருவுக்குள் போய், எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. கருவிலிருக்கும் சிசுவின் உறுப்புகள் உருவாவதற்கும், வளர்ந்தவர்களின் குடற்சுவரும் தோலும் குருதிக் கலங்களும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுவதற்கும் இந்தச் சமிக்ஞை தேவை. 1997இலேயே, பிரெசெனிலின் 1 மரபணு நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் எலும்புக்கூடு சரியாக உருவாகாமல், பிறக்கும் தறுவாயிலேயே இறந்துபோவதை ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள்.

மனிதர்களிடத்திலும் சான்று உண்டு. பரிசோதனை நிறுத்தப்பட்ட அதே 2010இல், சீனாவில் ஆய்வு செய்யப்பட்ட சில குடும்பங்களைப் பற்றிய அறிக்கையொன்று சயன்ஸ் சஞ்சிகையில் வெளியானது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் திரும்பத் திரும்பக் கட்டிகள் வந்து சீழ் பிடிக்கும் ஒரு தோல் நோய் அந்தக் குடும்பங்களில் பரம்பரையாக இருந்தது. காரணம், காமா செக்ரிற்றேஸின் உறுப்புகளான நிகாஸ்ட்ரின், பென்-2, பிரெசெனிலின் 1 ஆகியவற்றில் ஒன்றின் மரபணுவில் ஒரு பிரதி பழுதடைந்திருந்தமை. மறு பிரதி நன்றாக இருந்தும் தோல் தாக்குப்பிடிக்கவில்லை.

ஆகவே செமகசெஸ்டற் உட்கொண்டவர்களிடம் தோல் புற்றுநோயும், தொற்றுகளும், உடல் எடைக் குறைவும் காணப்பட்டதற்கு நொச் தடுக்கப்பட்டமை முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. அபாயம் இருப்பது முன்கூட்டியே தெரிந்துதான் இருந்தது. அளவைக் கவனமாகத் தெரிந்தால் அமிலோயிட்டைக் குறைத்துக்கொண்டு நொச்சைக் காப்பாற்றலாம் என்று நம்பினார்கள். அந்த இடைவெளி அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அகலமாக இருக்கவில்லை. நரம்புக் கலங்களின் இணைப்புகளில் உள்ள பல புரதங்களையும் இதே நொதியம்தான் கையாளுகிறது என்பதால், நினைவாற்றல் மோசமானதற்கும் இதுவே விளக்கமாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

அந்தீஸ் மலைக் குடும்பங்கள்

ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த மிகப்பெரிய சாட்சி, தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் இருக்கிறது. அங்குள்ள அன்ரியோக்கியா மாகாணத்தின் மலைக்கிராமங்களில் வாழும் ஒரு விரிந்த உறவுக்கூட்டத்தில், பிரெசெனிலின் 1இன் 280ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக அலனின் வந்திருக்கிறது. ஏறக்குறைய 6,000 பேர் கொண்ட அந்த உறவுக்கூட்டத்தில் சுமார் 1,200 பேர் இந்த விகாரத்தைச் சுமப்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. சராசரியாக 44 வயதில் மறதி தொடங்கும், 49 வயதளவில் முழுமையான மறதிநோயாகிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி.

மெடெயின் நகரைச் சேர்ந்த நரம்பியல் வைத்தியர் பிரான்சிஸ்கோ லொபேரா 1980களிலிருந்து இந்தக் குடும்பங்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். ஆயுதக் குழுக்களும் போதைப்பொருள் கும்பல்களும் ஆதிக்கம் செலுத்திய காலம் அது. அவர் 2024இல் காலமானார். நோய் வருமுன்னரே மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா என்று பார்க்க, அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த 252 பேர் ஒரு நீண்ட பரிசோதனைக்கு முன்வந்தார்கள். அமிலோயிட்டைப் பற்றி அகற்றும் கிரெனெசுமப் என்ற மருந்து அவர்களில் கொடுக்கப்பட்டது. 2022 ஜூன் மாதம் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. நோயைத் தடுத்ததாகவோ தாமதப்படுத்தியதாகவோ தெளிவான பலன் எதுவும் காணப்படவில்லை.

ஆனால் அந்தக் குடும்பங்கள் வேறொரு செய்தியையும் தந்தன. இதே விகாரம் இருந்தும், ஒரு பெண் எழுபது வயதை நெருங்கும்வரை குறிப்பிடத்தக்க மறதி இல்லாமல் இருந்தார். மூளையில் அமிலோயிட் மிக அதிகமாகவே படிந்திருந்தது. ஏபிஓஈ என்ற வேறொரு மரபணுவில் அவருக்கு இருந்த அரிதான மாற்றமே அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் வெளியான ஆய்வு கூறியது. நொதியத்தின் தவறுக்கும் மறதிக்கும் இடையில் இன்னும் பல படிகள் இருக்கின்றன என்பதும், அவற்றில் எங்காவது தலையிட முடியும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

வேகம் கூடியதா, குறைந்ததா?

பிரெசெனிலின் 1இல் நோயை உண்டாக்கும் விகாரங்கள் இன்று 300க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. ஆரம்பத்தில் பலரும் எண்ணியது, இவை நொதியத்தை அளவுக்கு மீறி வேலை செய்ய வைக்கின்றன என்றுதான். அப்படியானால் நொதியத்தை அடக்குவதே மருந்து.

2017இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யிகொங் ஷியின் குழு 138 விகாரங்களை ஒவ்வொன்றாக ஆய்வுகூடத்தில் சோதித்தது. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நொதியத்தின் உற்பத்தியைக் குறைத்தன, கூட்டவில்லை. வேறு ஆய்வுகள், பல விகாரங்களில் நொதியத்தின் பிடி தளர்ந்து, நறுக்கி முடிப்பதற்குள் நீளமான துண்டு நழுவிவிடுவதைக் காட்டின. மொத்த உற்பத்தி குறைந்தாலும் அதில் ஒட்டும் துண்டுகளின் பங்கு கூடிவிடுகிறது.

இதுவும் முழுக்கதை என்று சொல்ல முடியாது. அதே 138 விகாரங்களில் சுமார் பத்தில் ஒரு பங்கில் இந்த விகிதம் எதிர்ப்பக்கமாகவே சென்றது. அமிலோயிட்டை மையமாக வைக்கும் விளக்கம் போதுமா, நொதியத்தின் வழக்கமான வேலை குறைவதே நரம்புக் கலங்களைப் பாதிக்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் செமகசெஸ்டற்றைப் பொறுத்தவரை படிப்பினை தெளிவானது. ஏற்கனவே தளர்ந்துபோன ஒன்றை அது மேலும் முடக்கப் பார்த்தது என்பதே இந்த ஆய்வுகள் எழுப்பும் சந்தேகம்.

படம் கிடைத்தபோது

இவ்வளவு காலமும் ஆய்வாளர்கள் இந்த நொதியத்தைப் பார்க்காமலேயே அதனோடு மல்லுக்கட்டினார்கள். புரதத்தின் வடிவத்தை அறிய வழக்கமாக அதைப் பளிங்காக்குவார்கள். சவ்வுக்குள் வாழும், நான்கு துண்டுகள் கொண்ட, அடிக்கடி நெளியும் இந்தக் கூட்டுப்புரதம் அதற்கு இலகுவில் வசப்படவில்லை.

வழி திறந்தது உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியால். புரதத்தை மெல்லிய நீர்ப்படலத்தில் சட்டென்று உறையவைத்து, இலட்சக்கணக்கான துகள்களைப் படமெடுத்து, கணினியில் ஒன்றுசேர்த்து முப்பரிமாண உருவம் பெறும் முறை இது. இதை உருவாக்கிய மூவருக்கு 2017இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இம்முறையைக் கொண்டு சிங்ஹுவா ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் சேர்ந்து 2015இல் காமா செக்ரிற்றேஸின் உருவத்தை 0.34 நனோமீற்றர் துல்லியத்தில் வெளியிட்டனர்.

சவ்வுக்குள் 20 சுருள்கள் குதிரை லாடம் போல வளைந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்பது பிரெசெனிலினுக்கும், ஏழு ஏபிஎச்-1க்கும், மூன்று பென்-2க்கும், ஒன்று நிகாஸ்ட்ரினுக்கும் உரியவை. வெட்டும் இரண்டு அஸ்பாட்டிக் அமிலங்களும் லாடத்தின் புறக்குவிவான பக்கத்தில் இருக்கின்றன. எண்ணெய்க்குள் நீர் எப்படி வருகிறது என்ற பழைய கேள்விக்கும் இந்த அமைப்பு பதில் சொல்கிறது. சுருள்கள் சூழ்ந்து உருவாக்கும் குழிக்குள், கலத்தின் உட்பக்கத்திலிருந்து நீர் வந்து சேர முடிகிறது.

2019இல் இதே குழு, நொச்சையும் அமிலோயிட் முன்னோடிப் புரதத்தையும் நொதியம் பிடித்திருக்கும் நிலையிலேயே படமெடுத்தது. உள்ளே வரும் புரதத்தின் சுருள், வெட்டப்படும் இடத்தை அண்டி அவிழ்ந்து நாடா போலாகிறது. அந்த நாடாவைப் பிரெசெனிலின் தன் சொந்த நாடாக்களோடு சேர்த்துப் பின்னிப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு புரதங்களையும் பிடிக்கும் விதம் பொதுவாக ஒன்றே.

2021இல் வந்த படங்கள்தான் 2010இன் புதிரை அவிழ்த்தன எனலாம். செமகசெஸ்டற் உட்கார்ந்திருந்தது, வெட்டப்படும் புரதத்தின் நாடா வந்து சேர வேண்டிய அதே இடத்தில். அந்த இடம் அடைபட்டால் அமிலோயிட் முன்னோடிப் புரதமும் உள்ளே வர முடியாது, நொச்சும் வர முடியாது. இவற்றில் ஒன்றை மட்டும் மறிப்பதற்கு அந்த இடத்தில் வழியில்லை.

அடைப்பதற்குப் பதிலாகத் திருத்துவது

அதே ஆய்வில் இன்னொரு வகை மூலக்கூறும் படமெடுக்கப்பட்டது. அது வெட்டும் இடத்துக்கு அருகே போகவில்லை. பிரெசெனிலினும் நிகாஸ்ட்ரினும் சந்திக்கும் வெளிப்பக்க மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தகைய மூலக்கூறுகள் வெட்டை நிறுத்துவதில்லை. நொச் வழக்கம்போல் வெட்டப்படுகிறது. அமிலோயிட் துண்டு மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாக நறுக்கப்பட்டு, 42க்குப் பதிலாக 38 போன்ற குட்டைத் துண்டாக வெளியேறுகிறது. தொடங்கிய வேலையை முடிக்க வைக்கும் மருந்துகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

இந்த வழியிலும் முன்னர் தோல்வி கண்டிருக்கிறார்கள். தாரென்ஃபுளேர்பில் என்ற இவ்வகை மருந்து 2008இல் இறுதிக்கட்டப் பரிசோதனையில் பலன் தரவில்லை. அதன் ஆற்றல் குறைவு, மூளைக்குள் போய்ச் சேர்ந்த அளவும் மிகக் குறைவு. அதைவிட ஆற்றல் மிக்க புதிய மூலக்கூறுகள் இப்போது மனிதர்களில் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன. இவை வெற்றிபெறும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் இம்முறை எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டக் கூடாது என்பது படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

நொதியத்தை முழுதாக அடைக்கும் மருந்துகளின் கதையும் முடிந்துவிடவில்லை. டெஸ்மொயிட் எனப்படும் அரிதான இழையக் கட்டிகளுக்கு, நிரோகசெஸ்டற் என்ற காமா செக்ரிற்றேஸ் தடுப்பு மருந்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் அங்கீகரித்தது. இங்கே நொச்சைத் தடுப்பதே நோக்கம். 142 பேர் பங்குபற்றிய பரிசோதனையில் கட்டி வளர்வதை அது வெகுவாகத் தடுத்தது. வயிற்றோட்டமும், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சூலகப் பாதிப்பும் அடிக்கடி காணப்பட்டன. அல்சைமர் நோயாளருக்குத் தீங்காக அமைந்த அதே செயற்பாடு, வேறொரு நோயாளருக்கு விலை கொடுத்தேனும் பெறத்தக்க பலனாயிற்று.

நமது வீடுகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

தென்னாசியாவில் வேகமாக முதுமையடைந்து வரும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, ஊரில் தாயும் தகப்பனும் தனித்திருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். அப்பா ஒரே கேள்வியை நான்காவது தடவையாகக் கேட்கிறார் என்பது தொலைபேசியில்தான் பலருக்கு முதலில் தெரியவருகிறது. அந்த நிலையில் இணையத்தில் கண்ணில் படும் ஒவ்வொரு மருந்துச் செய்தியும் நம்பிக்கையாகத் தெரிவது இயல்பு.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. பிரெசெனிலின் விகாரத்தால் வரும் அல்சைமர் மொத்த அல்சைமரில் 1 சதவீதத்திற்கும் குறைவு. முதுமையில் வரும் மறதிநோய் பெரும்பாலும் இப்படி நேரடியாகப் பரம்பரையில் கடத்தப்படுவதில்லை. எனவே அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதில் வந்தது, பிள்ளைகளுக்கும் வந்தே தீரும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது, எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்க விளைவு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவை பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியவை. "வயசு போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒரு வைத்தியரிடம் காட்டுவதன் பயன் இதுதான். லான்செற் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, காது கேளாமை, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ வாய்ப்பிருப்பதாகக் கணித்தது. அப்பாவின் குருதியமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைப்பதும், காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுப்பதும் அதில் அடங்கும்.

மூன்றாவது, மருந்துச் செய்திகளை வாசிக்கும் விதம். 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெகனெமப் என்ற ஊசிமருந்து, ஏற்கனவே படிந்த அமிலோயிட்டை அகற்றுகிறது. ஆரம்பநிலை நோயாளர்களில், 18 மாதங்களில் நோய் மோசமாகும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. இழந்த நினைவை அது மீட்டுத் தருவதில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் குருதிக்கசிவும் ஏற்படலாம். "அல்சைமருக்கு மருந்து வந்துவிட்டது" என்ற தலைப்பின் கீழ் இவை எல்லாம் இருந்தனவா என்று பார்ப்பது நல்லது. ஒரு மருந்து நோய்க்குக் காரணமான ஒன்றைத் தடுக்கிறது என்று சொன்னால், அந்த ஒன்று உடலில் வேறு என்ன வேலை செய்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

செமகசெஸ்டற் பரிசோதனையில் சேர்ந்தவர்கள் தங்கள் நோய் குறையும் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள். சிலர் அதனால் இழந்தது அதிகம். அவர்களிடமிருந்து கிடைத்த தரவுகள் மறைக்கப்படாமல் 2013இல் மருத்துவ சஞ்சிகையில் வெளியிடப்பட்டன. இன்று நொதியத்தை அடைக்காமல் திருத்த முயலும் ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் அந்தத் தரவுகளை முன்னால் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.